ரயில் வந்த காலத்துக் கிரயப் பத்திரங்கள்: கையெழுத்துள்ள பழைய அமெரிக்க நில ஆவணங்களைச் சேகரிக்க முழுமையான வழிகாட்டி

மனை வாங்கப் போகிறவர் தாய்ப் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார். எழுதிக் கொடுத்தவர் யார், எழுதி வாங்கியவர் யார், நான்கு எல்லை என்ன, சாட்சி போட்டது யார் என்று வரி வரியாகப் படிப்பார். அதே மனிதர் 190 ஆண்டுப் பழைய அமெரிக்க ரயில்வே பத்திரம் ஒன்றை விலைக்கு வாங்கும்போது அடியில் இருக்கும் கையெழுத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார். நியூஜெர்சியில் இருந்துகொண்டு பன்னிரண்டு ஆண்டுகளாக இவற்றைச் சேகரிக்கிறேன். புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: நமக்குத் தெரிந்த அந்தப் பத்திரம் பார்க்கும் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவாருங்கள். முழுக்க வாசித்த பிறகு வாங்குங்கள்.

நான் முதலில் வாங்கியதே எனக்குப் பாடமாகிவிட்டது. ஜனாதிபதி மார்ட்டின் வான் ப்யூரன் கையெழுத்திட்ட நிலப்பட்டா என்று ஒரு விற்பனையாளர் சொன்னார். பெயர் பெரிய எழுத்தில் அழகாக இருந்தது. நல்ல தொகை கொடுத்தேன். வீட்டுக்கு வந்து விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தபோதுதான் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் ‘செயலர் மூலமாக’ என்று இருந்தது கண்ணில் பட்டது. ஜனாதிபதி அந்தத் தாளைத் தொட்டதே இல்லை. 1833-இல் வந்த சட்டம் ஒன்று நிலப்பட்டாக்களில் ஜனாதிபதியின் பெயரை எழுத ஒரு செயலருக்கு அதிகாரம் கொடுத்துவிட்டது. நிலப்பட்டாக்களில் தம் கையால் வழக்கமாகக் கையெழுத்திட்ட கடைசி ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன். அவருக்குப் பிறகு வந்த பட்டாக்களில் லிங்கன் பெயர் இருந்தாலும் கிராண்ட் பெயர் இருந்தாலும் எழுதியது செயலரின் கை. ஐந்து நிமிடம் ஒதுக்கி வாசித்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

முதல் படி: ஒரு தடத்தைத் தேர்ந்தெடுங்கள்

‘ரயில்வே பத்திரங்கள்’ என்று பொதுவாகத் தேடினால் கடலில் விழுந்த கதைதான். ஒரு ரயில் தடத்தை, முடிந்தால் அந்தத் தடத்தில் இரண்டு மூன்று கவுண்டிகளை (நம் மாவட்டம் போன்ற பகுதிகள்) மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே தடத்தில் பத்துப் பத்திரங்கள் சேர்ந்துவிட்டால் அவை ஒன்றோடொன்று பேசத் தொடங்கும். இந்தப் பத்திரத்தில் வடக்கு எல்லைக்காரராக வருகிறவர் அடுத்த பத்திரத்தில் எழுதிக் கொடுப்பவராக வருவார்.

கிழக்குக் கடற்கரையில் தொடங்க விரும்பினால் பால்டிமோர் அண்ட் ஓஹியோ, மோஹாக் அண்ட் ஹட்சன், கேம்டன் அண்ட் அம்பாய், பாஸ்டன் அண்ட் வூஸ்டர் ஆகியவை நல்ல வாசல்கள். பால்டிமோர் அண்ட் ஓஹியோ 1827-இல் உரிமம் பெற்றது. அதன் முதல் கல்லை 1828 ஜூலை 4 அன்று நாட்டியவர் சார்லஸ் கேரல். சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் அன்று உயிரோடு இருந்தவர் அவர் ஒருவரே. மத்தியப் பகுதியில் என்றால் 1851-இல் உரிமம் பெற்ற இல்லினாய்ஸ் சென்ட்ரல். மேற்கே போனால் 1862-ஆம் ஆண்டு பசிபிக் ரயில்வே சட்டத்தால் பிறந்த யூனியன் பசிபிக், அதற்கு எதிர்த்திசையிலிருந்து வந்த சென்ட்ரல் பசிபிக், 1864-இல் உரிமம் பெற்ற நார்தர்ன் பசிபிக்.

நான் கேம்டன் அண்ட் அம்பாயை எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு அருகில் இருக்கும் தடம் என்பது முதல் காரணம். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த ‘ஜான் புல்’ என்ற எஞ்சின் 1831-இல் இந்தத் தடத்துக்காக பார்டன்டவுனில் ஓட்டிக் காட்டப்பட்டது. அது இன்றும் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் உடைமையாக இருக்கிறது. அந்த எஞ்சின் ஓடுவதற்காகப் பிரிந்துபோன வயல்களின் காகிதங்கள் என் அலமாரியில் இருக்கின்றன என்பது எனக்கு இன்றும் மலைப்பாகத்தான் இருக்கிறது.

இரண்டாம் படி: நிலம் எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள்

ரயில்வே பத்திரங்களில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. ஒன்றில் நிலம் கம்பெனிக்கு வருகிறது. இன்னொன்றில் கம்பெனியிடமிருந்து போகிறது.

முதல் குடும்பம் பாதைக்கான நிலம். 1830-களிலும் 40-களிலும் கிழக்கு மாநிலங்களில் கம்பெனிக்காரர்கள் ஒவ்வொரு விவசாயியிடமும் போய், வயலின் நடுவே ஒரு நீளப் பட்டையை எழுதி வாங்கினார்கள். இணங்காதவர் நிலத்துக்கு மதிப்பீட்டாளர்கள் விலை வைத்தார்கள். அந்த மதிப்பீட்டு அறிக்கைகளும் கிடைக்கும். பெரும்பாலும் கைப்பட எழுதியவை. ஒவ்வொன்றும் வேறு மாதிரி இருக்கும். எனக்குப் பிடித்தவை இவைதான்.

இரண்டாம் குடும்பம், அரசு இலவசமாகக் கொடுத்த நிலத்தைக் கம்பெனி குடியேறிகளுக்கு விற்ற பத்திரங்கள். 1850-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக இல்லினாய்ஸ் சென்ட்ரலுக்கு ஏறத்தாழ 26 லட்சம் ஏக்கர் போய்ச் சேர்ந்தது. 1862-ஆம் ஆண்டுச் சட்டம் பசிபிக் ரயில் கம்பெனிகளுக்கு ஒரு மைல் தடத்துக்கு 10 செக்‌ஷன், அதாவது 10 சதுர மைல், 6,400 ஏக்கர் கொடுத்தது. 1864-இல் அது இரட்டிப்பானது. இந்தப் பத்திரங்கள் அச்சிட்ட படிவங்கள். இடையில் பெயர், செக்‌ஷன் எண், தொகை ஆகியவற்றை மட்டும் பேனாவால் நிரப்பியிருப்பார்கள். சிலவற்றில் ரயில் எஞ்சினின் செதுக்கோவியம், கம்பெனியின் அழுத்து முத்திரை எல்லாம் இருப்பதால் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்ட ஆசை வரும். கம்பெனியின் நிலங்கள் கடன் பத்திரக்காரர்களுக்கு அடமானமாக இருந்ததால், பல பத்திரங்களில் கம்பெனித் தலைவரோடு அடமானப் பொறுப்பாளர்களும் கையெழுத்திட்டிருப்பார்கள். அவர்களும் கையெழுத்திட்டால்தான் வாங்குபவருக்கு வில்லங்கம் இல்லாமல் நிலம் சேரும்.

இவை தவிர அடமானப் பத்திரம், உரிமை விடுதலைப் பத்திரம், ஸ்டேஷன் ஊர் மனைகளின் விற்பனைப் பத்திரம், தவணை முறை விற்பனை ஒப்பந்தம் ஆகியவையும் சந்தைக்கு வரும்.

இந்தியாவில் ஏன் இப்படிப்பட்ட பத்திரங்கள் குவியவில்லை என்று நண்பர்கள் கேட்பதுண்டு. மதராஸ் ரயில்வே 1856-இல் ராயபுரத்திலிருந்து ஓடத் தொடங்கியபோது நிலத்தை அரசே கையகப்படுத்திக் கம்பெனிக்குக் குத்தகையாகக் கொடுத்தது. கம்பெனி ஏஜென்ட் ஒவ்வொரு விவசாயியின் திண்ணையிலும் உட்கார்ந்து பேரம் பேச வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் படி: எங்கே தேடுவது

அந்தக் கால அமெரிக்காவில் பத்திரத்தைப் பதிவு செய்யும்போது கவுண்டி அலுவலக எழுத்தர் அதைத் தம் பெரிய பதிவேட்டில் கையால் நகல் எடுத்துக்கொள்வார். மூலப் பத்திரம் வாங்கியவரிடமே திரும்பிப் போகும். எனவே குடியேறிகள் வாங்கிய பத்திரங்கள் குடும்பப் பெட்டிகளில் தங்கி, பேரப் பிள்ளைகள் காலத்தில் ஏலத்துக்கு வருகின்றன. கம்பெனி வாங்கிய பத்திரங்களோ கம்பெனி அலுவலகங்களில் கட்டுக் கட்டாகக் கிடந்து, கம்பெனிகள் ஒன்றோடொன்று இணைந்தபோதும் மூடப்பட்டபோதும் சிதறின. பென் சென்ட்ரல் என்ற பெரிய ரயில் கம்பெனி 1970-இல் திவாலாகி, 1976-இல் கான்ரெய்ல் என்ற புதிய கம்பெனி அதன் பாதைகளை எடுத்துக்கொண்டதை நினைத்துப் பாருங்கள். நூற்றுக்கணக்கான பழைய கம்பெனிகளின் காகிதங்கள் அந்த ஒரு குடையின் கீழ் இருந்தன.

தேட வேண்டிய இடங்கள்: பழைய ஆவணங்களை விற்கும் கடைகள், கையெழுத்துப் பிரதி ஏலங்கள், ரயில்வே நினைவுப் பொருள் சந்தைகள், பழைய பங்குப் பத்திர வணிகர்கள், ஊர்ப்புற வீட்டுப் பொருள் ஏலங்கள், இணைய ஏலங்கள். வருவாய் ஸ்டாம்ப் சேகரிப்பவர்களின் சந்தையை மறக்காதீர்கள். அவர்கள் ஸ்டாம்புக்காகப் பத்திரத்தை வாங்கி வைத்திருப்பார்கள். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவர்களுக்கு இரண்டாம் பட்சம். எனக்கு நல்ல விலையில் கிடைத்தவற்றில் பாதி அங்கிருந்து வந்தவை.

வாங்குவதற்கு முன் ஒருமுறையாவது ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து அசல்களைப் பாருங்கள். சிகாகோவின் நியூபெர்ரி நூலகத்தில் இல்லினாய்ஸ் சென்ட்ரலின் பழைய ஆவணங்கள் இருக்கின்றன. மின்னசோட்டா வரலாற்றுச் சங்கத்தில் நார்தர்ன் பசிபிக், கிரேட் நார்தர்ன் ஆவணங்கள் இருக்கின்றன. அசல் தாளின் கனமும் மையின் நிறமும் விரலுக்கும் கண்ணுக்கும் பழகிவிட்டால் போலியின் முன் கை தானாகத் தயங்கும்.

நான்காம் படி: மேலிருந்து கீழாக வாசியுங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் உயிர். நிதானமாகப் போவோம். எடுத்துக்காட்டாக என்னிடம் உள்ள 1832-ஆம் ஆண்டுப் பத்திரத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு விவசாயியும் அவர் மனைவியும் கேம்டன் அண்ட் அம்பாய் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தது.

தாளின் மேல் விளிம்பு. பழைய இருதரப்புப் பத்திரங்களில் இந்த விளிம்பை நெளிநெளியாக வெட்டியிருப்பார்கள். ஒரே தாளில் இரண்டு படிகள் எழுதி, நடுவே வளைத்து வெட்டி, ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்ட பழைய ஐரோப்பிய வழக்கத்தின் மிச்சம் அது. என் பத்திரத்தில் வெறும் அலங்காரமாகத்தான் இருக்கிறது. அந்த நெளிவு கத்தரிக்கோலில் செய்ததுபோல் நேர்த்தியாக இல்லாமல், ஒரு இடத்தில் கத்தி வழுக்கியதும் தெரிகிறது.

தேதி, பெயர்கள். முதல் தரப்பு எழுதிக் கொடுப்பவர், இரண்டாம் தரப்பு எழுதி வாங்குபவர். கையெழுத்தைப் படிக்கும்போது ஒரு சிக்கல் வரும். ஆங்கிலத்தில் எஸ் எழுத்து இரட்டித்து வரும் சொற்களில் முதல் எஸ்ஸை எஃப் போல நீட்டி எழுதும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இருந்தது. அது பழகும்வரை பெயர்களைத் தவறாகப் படிப்பீர்கள். பத்துப் பத்திரம் படித்தால் கண் பழகிவிடும்.

கிரயத் தொகை. ‘ஒரு டாலர்’ என்று இருந்தால் ஏமாற்று என்று நினைத்துவிடாதீர்கள். சட்டத்துக்காகப் பெயரளவில் ஒரு தொகை எழுதுவது வழக்கம். தன் ஊருக்கு ரயில் வரட்டும் என்று நிலத்தை அப்படியே கொடுத்தவர்களும் இருந்தார்கள்.

எல்லை விவரம். நம் பத்திரங்களில் செக்குபந்தி எழுதுவதுபோல் இங்கே ஒரு மரத்திலிருந்தோ கல்லிலிருந்தோ தொடங்கி, திசைகாட்டிக் கோணமும் தூரமும் சொல்லிச் சொல்லி நிலத்தைச் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முடிப்பார்கள். அளவு சங்கிலியில் இருக்கும். ஒரு சங்கிலி 66 அடி, அதில் 100 கண்ணி. 80 சங்கிலி ஒரு மைல். 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். ஒரு சங்கிலிக்கு நான்கு ராடு. என் பத்திரத்தில் பட்டையின் அகலம் நான்கு ராடு, நீளம் 40 சங்கிலி. அப்படியானால் பரப்பு 40 சதுரச் சங்கிலி, சரியாக 4 ஏக்கர். பத்திரத்திலும் நான்கு ஏக்கர் என்றே எழுதியிருக்கிறது. நீங்களும் இந்தக் கணக்கைத் தவறாமல் போட்டுப் பாருங்கள். கணக்கு உதைத்தால் எழுத்தர் பிழையாக இருக்கலாம், பின்னாளில் யாரோ எண்ணைத் திருத்தியதாகவும் இருக்கலாம். இரண்டாவது என்றால் அந்த இடத்தில் தாளின் மேற்பரப்பு சுரண்டப்பட்டு மங்கலாகத் தெரியும்.

மேற்கு மாநிலப் பத்திரங்களில் மரமும் கல்லும் இராது. ஆறு மைல் சதுரமான டவுன்ஷிப், அதற்குள் 36 செக்‌ஷன்கள், ஒவ்வொன்றும் 640 ஏக்கர் என்ற கட்டம் போட்ட கணக்குதான். இங்கே ஓர் அருமையான சோதனை உண்டு. பசிபிக் ரயில் கம்பெனிகளுக்கு அரசு கொடுத்தவை ஒற்றைப்படை எண்ணுள்ள செக்‌ஷன்கள். இல்லினாய்ஸ் சென்ட்ரலுக்குக் கொடுத்தவை இரட்டைப்படை. யூனியன் பசிபிக் மானிய நிலம் என்று சொல்லி விற்கும் பத்திரத்தில் செக்‌ஷன் 14 என்று இருந்தால், விற்பவரிடம் விளக்கம் கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள். கம்பெனி அந்த நிலத்தை வேறு யாரிடமாவது விலைக்கு வாங்கியிருக்கவும் கூடும்.

நிபந்தனைகள். பலரும் தாண்டிப் போகிற இந்த இடத்தில்தான் அந்த விவசாயியின் குரல் கேட்கும். என் பத்திரத்தில் கம்பெனி இருபுறமும் வேலி போட்டுத் தர வேண்டும், மாடுகள் தண்ணீர் குடிக்க ஓடைக்குப் போக ஒரு கடவு விட வேண்டும் என்று இரண்டு வரிகள் இருக்கின்றன. ‘ஓடைக்கு’ என்ற சொல்லை முதலில் விட்டுவிட்டு, பிறகு வரிக்கு மேலே சிறிதாகச் செருகியிருக்கிறார்கள். பத்திரம் வாசித்துக் காட்டப்பட்டபோது ‘எங்கே போகக் கடவு என்று எழுதவில்லையே’ என்று அவர் நிறுத்திக் கேட்டிருப்பார் என்றே நான் நம்புகிறேன். மேற்கே சென்ட்ரல் பசிபிக் பத்திரங்களில் நிபந்தனை கம்பெனியின் பக்கம் இருக்கும்: விற்ற நிலத்தினூடே தடம் போனால் 400 அடி அகலப் பட்டையைத் தனக்கென நிறுத்திவைத்துக்கொள்ளும். ஒரு மைலுக்கு அது 48 ஏக்கருக்குமேல் வரும்.

கையெழுத்தும் முத்திரையும். கணவரின் கையெழுத்து நடுங்கி இருக்கிறது. கீழே மனைவி ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறார். அதன் இருபுறமும் எழுத்தர் அவர் பெயரை எழுதி, மேலே ‘அவருடைய’, கீழே ‘குறி’ என்று சேர்த்திருக்கிறார். நம் ஊர்க் கைநாட்டைப் போன்றதுதான். அருகில் மெழுகு வில்லை ஒட்டி, அதன்மேல் வெட்டிய காகிதத் துண்டு.

ஒப்புதல் பகுதி. கணவன் விற்கும் நிலத்தில் மனைவிக்கு அன்று வாழ்நாள் பங்குரிமை இருந்தது. அவர் அதை விட்டுக்கொடுத்தால்தான் விற்பனை முழுமையானது. எனவே அதிகாரி அவரைக் கணவரிடமிருந்து தனியே அழைத்துப்போய், கணவனின் அச்சமோ மிரட்டலோ கட்டாயமோ இல்லாமல் கையெழுத்திட்டாரா என்று கேட்டு, அவர் சொன்னதைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. என் பத்திரத்தின் பின்பக்கத்தில் அந்தப் பத்தி இருக்கிறது. அவர் உண்மையில் என்ன நினைத்தார் என்பது அந்த அச்சடித்தாற்போன்ற வாசகத்துக்குள் மறைந்துபோயிற்று. ஆனாலும் எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண் ஒரு நாள் ஓர் அறையில் தனியாக நின்று பதில் சொன்னார் என்பதற்கு அந்தப் பக்கமே சாட்சி. பெரிய முதலாளிகளின் கையெழுத்துள்ள பத்திரங்களும் என்னிடம் இரண்டு இருக்கின்றன. வீட்டுக்கு யாராவது வந்தால் நான் முதலில் எடுத்துக் காட்டுவது இந்தப் பெருக்கல் குறியைத்தான்.

பின்பக்கக் குறிப்பு. மூன்றாக மடித்தால் வெளியே தெரியும் பகுதியில் பெயர்கள், பதிவான நாள், பதிவேட்டு எண், பக்க எண் இருக்கும். இந்த எண்கள்தான் பிறகு கவுண்டி அலுவலகக் கதவைத் திறக்கும் சாவி. இந்தப் பக்கத்தின் படத்தை அனுப்ப மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

ஐந்தாம் படி: தாள், மை, ஸ்டாம்ப்

1830-களின் தாள் கந்தல் துணியிலிருந்து செய்தது. தொட்டால் துணிபோல் மென்மையாகவும் வலுவாகவும் இருக்கும். மரக்கூழ்த் தாள் 1860-களின் பிற்பகுதியிலிருந்து பரவியது. அது பழுப்பேறி மடிப்பில் நொறுங்கும். 1832 என்று தேதியிட்ட பத்திரம் ஓரங்களில் அப்பளம்போல் உடைந்தால் சந்தேகப்படுங்கள்.

மை பெரும்பாலும் இரும்பும் கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளும் கலந்த மை. எழுதிய சிறிது நேரத்தில் கருமை, காலம் போகப் போகத் துருப்பிடித்த பழுப்பு. பேனா அழுத்திய இடங்களில் தாளின் பின்பக்கம்வரை நிறம் இறங்கியிருக்கும். மை உலர மணல் தூவிய காலம் அது. பத்திரத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். தடித்த எழுத்துகளின் மேல் ஒன்றிரண்டு மணல் துகள்கள் இன்றும் மினுக்கும். முதல்முறை அதைக் கண்ட அன்று நான் வெகுநேரம் தாளைக் கீழே வைக்கவில்லை.

ஸ்டாம்ப் ஒரு நல்ல துப்பு. உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக 1862 அக்டோபர் முதல் பத்திரங்களுக்கு வருவாய் ஸ்டாம்ப் கட்டாயமானது. 1872 அக்டோபரில் பத்திரங்களுக்கு அது நீக்கப்பட்டது. 1864-இல் திருத்திய விகிதப்படி ஒவ்வொரு 500 டாலருக்கும் 50 சென்ட். ஆகவே 1868-இல் 2,000 டாலருக்கு விற்ற நிலத்தில் 2 டாலர் ஸ்டாம்ப் இருக்க வேண்டும். ‘ஒரு டாலர்’ என்று தொகை எழுதிய பத்திரத்தில் 5 டாலர் ஸ்டாம்ப் இருந்தால் உண்மையான கிரயம் ஏறத்தாழ 5,000 என்று ஊகிக்கலாம். ஸ்டாம்பின் மேல் பேனாவால் முதலெழுத்தும் தேதியும் எழுதி ரத்து செய்திருப்பார்கள். அந்தக் கோடு ஸ்டாம்பைத் தாண்டித் தாளிலும் தொடர்ந்தால் ஸ்டாம்ப் முதலிலிருந்தே அங்கே இருந்தது என்று கொள்ளலாம். ஸ்டாம்பில் ‘கன்வேயன்ஸ்’ (சொத்து மாற்றம்) என்று அச்சிடப்படாமல் வேறு பெயர் இருப்பது குற்றமல்ல. எந்தப் பெயருள்ள ஸ்டாம்பையும் ஒட்டலாம் என்று 1862 இறுதியிலேயே அனுமதித்துவிட்டார்கள். 1850-ஆம் ஆண்டுப் பத்திரத்தில் இந்த ஸ்டாம்ப் ஒட்டியிருந்தால் மட்டும் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுங்கள்.

ஆறாம் படி: கையெழுத்து யாருடையது?

மூன்று குழப்பங்கள் அடிக்கடி வரும். செயலர் எழுதிய பெயர் ஒன்று. என் கதை அதுதான். இரண்டாவது, சான்றிட்ட நகல். கவுண்டி எழுத்தர் பழைய நாளிலேயே எடுத்துக் கொடுத்த நகலில் பத்திர வாசகம், விற்றவர் பெயர், சாட்சிகள் பெயர் எல்லாம் ஒரே கையில் இருக்கும். முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் ‘எல்.எஸ்.’ (‘முத்திரையின் இடம்’ என்பதன் லத்தீன் சுருக்கம்) என்று வட்டமிட்டு எழுதியிருப்பார்கள். தாளும் மையும் அந்தக் காலத்தவைதான். கையெழுத்து மட்டும் அசல் அல்ல. ‘எல்.எஸ்.’ மட்டும் இருப்பதால் நகல் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அசல்களிலும் அது உண்டு. எல்லாப் பெயர்களும் ஒரே கையில் இருக்கின்றனவா என்பதே கேள்வி. மூன்றாவது, அச்சில் வந்த கையெழுத்து. பூதக்கண்ணாடியில் பேனா ஏறி இறங்கிய தடமும் கோடுகள் குறுக்கிடும் இடத்தில் மை தடிப்பதும் தெரியாவிட்டால் அது அச்சு.

பெரிய பெயர் இருந்தால் பதவிக் காலத்தோடு பொருத்திப் பாருங்கள். நியூயார்க் சென்ட்ரலின் முதல் தலைவர் எராஸ்டஸ் கார்னிங் பதவியில் இருந்தது 1853 முதல் 1864 வரை. யூனியன் பசிபிக்கில் ஆலிவர் ஏம்ஸ் 1866 முதல் 1871 வரை தலைவர். சிட்னி டில்லன் 1874-இல் வந்தார். 1869 தேதியிட்ட பத்திரத்தில் தலைவர் என்ற இடத்தில் டில்லன் பெயர் இருந்தால் எங்கோ தவறு இருக்கிறது. விலை பெரிதாக இருந்தால் அதே ஆளின் அசல் கையெழுத்துகள் பத்தையாவது அருகில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, ஆவண வல்லுநர் ஒருவரின் எழுத்துபூர்வக் கருத்தையும் வாங்குங்கள்.

ஏழாம் படி: விற்பவருக்கு அதை விற்க உரிமை உண்டா?

மூலப் பத்திரம் தனியார் கையில் இருப்பது இயல்பு என்று மேலே சொன்னேன். ஆனால் நீதிமன்றக் கோப்புகள், கவுண்டிப் பதிவேட்டின் பக்கங்கள், நூலக முத்திரை குத்திய தாள்கள் தனியார் கைக்கு வரக் கூடாதவை. பைண்டிங்கிலிருந்து கிழித்த ஓரம், சுரண்டிய முத்திரை, வெட்டியெடுத்த மூலை ஆகியவற்றைக் கண்டால் ஒதுங்குங்கள். காணாமல்போன பொது ஆவணங்களை மாநிலங்கள் வழக்குத் தொடுத்துத் திரும்ப வாங்குகின்றன. நல்லெண்ணத்தோடு வாங்கினேன் என்று சொல்வதால் பணம் திரும்பாது. எங்கிருந்து வந்தது, யாரிடம் இருந்தது என்பதை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போலி என்று தெரிந்தால் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்ற வரியும் அதில் இருக்கட்டும்.

இங்கே இன்னொரு உரிமையையும் சொல்லியாக வேண்டும். மேற்கு மாநிலப் பத்திரங்களின் சங்கிலி அரசிலிருந்து தொடங்கும். அதற்கு முன் அந்த மண்ணில் வாழ்ந்த பழங்குடிகளின் பெயர் பெரும்பாலும் எங்குமே இராது. கன்சாஸில் மட்டும் அந்த மௌனம் கொஞ்சம் உடைகிறது. டெலவேர் பழங்குடி மக்களுடன் 1860-இல் செய்த உடன்படிக்கை அவர்களுடைய நிலத்தை ஒரு ரயில் கம்பெனி வாங்க வழி செய்தது. செரோக்கி மக்களின் ‘நியூட்ரல் லேண்ட்ஸ்’ எனப்பட்ட ஏறத்தாழ 8 லட்சம் ஏக்கர் 1868-இல் ஜேம்ஸ் ஜாய் என்ற ரயில்வே முதலாளிக்குப் போனது. அந்தப் பகுதிப் பத்திரம் உங்கள் கைக்கு வந்தால் உடன்படிக்கையின் வாசகத்தையும் தேடிப் படித்து, ஒரு பிரதியை அதே உறையில் வையுங்கள். அது இல்லாமல் அந்தப் பத்திரம் பாதிக் கதைதான் சொல்லும்.

எட்டாம் படி: விலை

பெரிய பெயர் விலையை ஏற்றும். 1840-க்கு முந்தைய தேதி ஏற்றும். இணைந்த வரைபடம் இருந்தால் இன்னும் ஏறும். வயலின் குறுக்கே செல்லும் பாதையைக் கையால் வரைந்த பத்திரத்தைக் கண்டால் நான் பேரம் பேசுவதை விட்டுவிடுகிறேன். செல்லோ டேப், லேமினேஷன், கையெழுத்தின்மேல் ஓட்டை, வெட்டியெடுத்த ஸ்டாம்ப் இவை விலையைத் தரைக்குக் கொண்டுவரும். பெயர் தெரியாத விவசாயிகளின் பத்திரங்கள் இன்னும் சாதாரண மனிதர் வாங்கும் விலையிலேயே கிடைக்கின்றன.

ஒன்பதாம் படி: வீட்டுக்கு வந்த பிறகு

மடிப்பை வலுக்கட்டாயமாக விரிக்காதீர்கள். அமிலமற்ற தாள் உறையில் படுக்கையாக, வெப்பமும் ஈரமும் ஏறி இறங்காத அறையில் வையுங்கள். மாடியும் நிலவறையும் வேண்டாம். இரும்பு மையுள்ள தாளில் தண்ணீர் படவே கூடாது. ஈரம் அந்த மையைக் கிளப்பிவிட்டுத் தாளை அரிக்கச் செய்யும். கிழிசலை டேப்பால் ஒட்டாமல் ஆவணப் பராமரிப்பாளரிடம் கொடுங்கள். சுவரில் மாட்ட ஆசைப்பட்டால் நல்ல வண்ண நகலை மாட்டுங்கள். உறையின்மேல் விவரங்களைப் பென்சிலால் எழுதுங்கள், பத்திரத்தின்மேல் எதையும் எழுத வேண்டாம். தோல் பத்திரம் என்றால் ஈரப்பதத்துக்கு உடனே சுருங்கி நெளியும். அதைத் தனியாக வையுங்கள்.

பத்தாம் படி: நிலத்தைத் தேடிப் போங்கள்

பின்பக்கத்தில் இருக்கும் பதிவேட்டு எண்ணை எடுத்துக்கொண்டு கவுண்டி அலுவலகத்துக்குப் போனால், அதே பத்திரத்தின் எழுத்தர் நகலைப் பார்க்கலாம். இரண்டையும் ஒப்பிட்டாலே அசல்தானா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். அங்கிருந்து முன்னும் பின்னும் பதிவுகளைத் தொடர்ந்தால் நிலத்தின் முழு வில்லங்கச் சான்று உங்கள் கையில். அரசு முதலில் கொடுத்த பட்டாக்களை மத்திய நில நிர்வாக அமைப்பு இணையத்தில் இலவசமாகத் தேடத் தருகிறது. பழைய ரயில் வரைபடங்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. வீட்டில் உள்ள சுதந்திர மனிதர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி எழுதிய முதல் மக்கள்தொகைக் கணக்கு 1850-இல் எடுத்தது. அதற்கு முந்தையவற்றில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும்.

எல்லைக் கோணங்களை வரைபடத்தில் போடும்போது ஒன்றை மறக்காதீர்கள். அன்று அளந்தது காந்த வடக்கை வைத்து. காந்த வடக்கு நகர்ந்துகொண்டே இருப்பதால் 1832-ஆம் ஆண்டுக் கோணம் இன்று பல பாகை தள்ளி நிற்கும். திருத்தாமல் வரைந்தால் விவசாயியின் வயல் பக்கத்து வீட்டுக் கொல்லையில் போய் விழும். என் முதல் வரைபடம் அப்படித்தான் விழுந்தது.

திருத்திய பிறகு ஒரு மார்ச் மாதச் சனிக்கிழமை அந்த இடத்துக்குப் போனேன். கேம்டன் அண்ட் அம்பாய் தடத்தின் ஒரு பகுதியில் இன்றும் சரக்கு ரயில் ஓடுகிறது. வேலி இல்லை, வயல் இல்லை. பத்திரம் சொன்ன தொடக்க மரமும் எப்போதோ போய்விட்டது. தண்டவாளத்தை ஒட்டிய பொதுச் சாலையில் நின்று பார்த்தேன். அந்தப் பக்கம் புதருக்கு அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பத்திரத்தில் வரிக்கு மேலே சிறிதாகச் செருகியிருந்த அந்த ஓடை.